இரண்டு இருந்தும் ஏன் போச்சு?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், 'ஒன்று போனால் இன்னொன்று என்று எதற்கெல்லாம் மாற்று வைத்திருக்கிறீர்கள், அது சமயத்தில் கைகொடுத்ததா?' என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி இன்வெர்ட்டர் பேட்டரியைப் பற்றி. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தருமபுரிக்காரி. வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைக்கும் ட்ரங்க் கால் போர்டில் ஹெட்செட் மாட்டி வேலையைத் தொடங்கி, எலக்ட்ரானிக் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் ஓய்வு பெற்றவள். எது எப்போது நின்றாலும் போன் மட்டும் நிற்கக்கூடாது என்பதுதான் உத்தியோகம். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோவை எப்போதும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைப்பேன். ஒரே மாதத்தில் இரண்டும் போய்விட்டன. பெண் வீட்டார் கடைக்கு வந்து சத்தம் போடுகிறார்கள். இரண்டு வைத்தும் எனக்கு ஏன் இப்படி?
— ஸ்டுடியோக்காரர், பாலக்கோடு

தம்பி, உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலாக வாங்கியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே யூபிஎஸ்ஸில், இரவும் பகலும் சொருகியே இருந்திருக்கின்றன. ஒரே பெட்டியிலிருந்து வந்த டிஸ்க்குகள், ஒரே சூடு, ஒரே மணி நேர ஓட்டம், ஒரே மின்சார ஏற்ற இறக்கம். ஒன்றுக்கு வந்த சாவு இன்னொன்றுக்கும் வரத்தானே செய்யும்?

இன்னொரு விஷயமும் நடந்திருக்கும். முதல் டிஸ்க் போனதும் பதறிப்போய், இரண்டாவதில் இருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் புது டிஸ்க்குக்கு மாற்ற ஆரம்பித்திருப்பீர்கள். ஏற்கெனவே களைத்துப்போன டிஸ்க், வாழ்நாளில் பார்க்காத வேலையை அந்த ஒரு ராத்திரியில் பார்த்திருக்கும். பெரிய கம்பெனிகளின் சர்வர் அறைகளிலும் இது வழக்கமாக நடப்பதுதான். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்று போனாலும் தாங்கும்படி செய்யும் 'ரெய்ட்' என்ற முறையை 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று பேர் எழுதிப் பிரபலமாக்கினார்கள். நல்ல முறைதான். ஆனால் போன டிஸ்க்கை மாற்றி மறுபடி நிரப்பும் நேரத்தில்தான் அடுத்த டிஸ்க் படுக்கும் என்ற பயம் அதைப் பராமரிப்பவர்களுக்கு எப்போதும் உண்டு. அப்புறம், இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் பதிவாகும் ஏற்பாடு, நீங்கள் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்த்து விசுவாசமாக அழித்துவிடும்.

உங்களுக்கு மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். நம் நாட்டின் வழிகாட்டும் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவதை 2013 ஜூலையில் இஸ்ரோ அனுப்பியது. அதில் நேரம் காட்ட ரூபிடியம் அணுக்கடிகாரம் மூன்று. ஒன்று ஓடினாலே போதும், மற்ற இரண்டும் மாற்று. மூன்றும் ஒரே மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றுமே நின்றன. செயற்கைக்கோள் வானத்தில் நலமாகத்தான் இருந்தது. மணி மட்டும் சொல்லத் தெரியவில்லை. மணி சொல்லாத செயற்கைக்கோளை வைத்து இடம் கண்டுபிடிக்க முடியாது.

இனி இப்படிச் செய்யுங்கள். மூன்று பிரதி வையுங்கள். அவற்றில் ஒன்றாவது வேறு வகையாக, வேறு கம்பெனியாக இருக்கட்டும். ஒன்று கடைக்கு வெளியே, அக்கா வீட்டு பீரோவோ தங்கச்சி வீட்டு அலமாரியோ, எங்காவது இருக்கட்டும். எழுதி முடித்ததும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். சொருகியே இருக்கும் டிஸ்க்கை இடியும் அடிக்கும், வைரஸும் அடிக்கும். பார்ட்டிக்குக் கொடுக்க வேண்டியதை மீதிப் பணம் வரட்டும் என்று வைத்துக்கொண்டிருக்காமல் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். அதுவும் ஒரு பிரதிதான். பாக்கியை வசூலிக்க வேறு வழி பாருங்கள்.

நாங்கள் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கியிருக்கிறோம். ரோட்டு வேலை நடந்தபோது இரண்டும் ஒரே நிமிடத்தில் அறுந்தன. எப்படி?
— தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பில் இரண்டு, பள்ளம் ஒன்று. இரண்டு கேபிளும் ஒரே ரோட்டோரமாக வந்து, ஒரே சிறுபாலத்தில் ஒரே குழாய்க்குள் நுழைந்திருக்கும். ஜேசிபிக்கு எந்தக் கம்பெனி கேபிள் என்று பார்க்கத் தெரியாது. சில சமயம் ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் கேபிளிலேயே வாடகைக்கு இடம் எடுத்திருக்கும். விற்க வருபவரிடம் வேகத்தைக் கேட்காதீர்கள், பாதையின் வரைபடத்தைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், ஒன்றைத் தரைவழியும் மற்றதைச் செல்போன் கோபுரம் வழியுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போர்டில் இருந்த காலத்தில் சேலம் வழி லைன் கிடைக்கவில்லை என்றால் பெங்களூர் வழி போட்டுப் பார்ப்போம். சுற்று வழிதான், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆனாலும் தொப்பூரில் கம்பி அறுந்தால் ஓசூர்ப் பக்கத்துக் கம்பிக்கு ஒன்றும் ஆகாது.

மேடம், நான் லாரி ஓட்டுகிறவன். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்கவில்லை என்று அடிக்கடி பேப்பரில் படிக்கிறோம். கால் பிரேக், ஹேண்ட் பிரேக், இன்ஜின் என்று மூன்று இருக்கிறதே, மூன்றுமா சேர்ந்து போகும்?
— ஓட்டுநர், நல்லம்பள்ளி

தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரி, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

லாரியின் காற்று பிரேக்கில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1872இல் ரயிலுக்குச் செய்ததன் வழி வந்தது. அதற்கு முன்பு இருந்த பிரேக்கில், காற்றை அனுப்பினால் பிடிக்கும். குழாய் அறுந்தால் பிடிக்காது. அவர் அதைத் தலைகீழாக்கினார். காற்று இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், காற்று போனால் தானாகவே பிடித்துக்கொள்ளும். பெட்டி கழன்றாலும் வண்டி நின்றுவிடும். இன்றைய லாரியின் பின்சக்கரத்தில் இருக்கும் ஸ்பிரிங் பிரேக்கும் அதே மாதிரிதான். காற்று தீர்ந்தால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். நீங்கள் ஹேண்ட் பிரேக் என்று போடுவதும் அதே ஸ்பிரிங்தான்.

ஆனால் கால் பிரேக்கும் ஸ்பிரிங் பிரேக்கும் கடைசியில் போய்த் தேய்ப்பது சக்கரத்தோடு சுற்றும் ஒரே டிரம்மை. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி, அதில் உரசும் லைனிங் வழுக்க ஆரம்பிக்கும். அப்போது காற்றும் இருக்கும், ஸ்பிரிங்கும் இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது. டிரம்மோடு சம்பந்தமே இல்லாத மூன்றாவது பிரேக் இன்ஜின் ஒன்றுதான். நியூட்ரலில் தள்ளிய கை அதைத்தான் மேலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டி வேகம் எடுத்த பிறகு திரும்பக் கியர் விழாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விமானம், ராக்கெட் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் மூன்று, நான்கு என்று வைக்கிறார்களே. இரண்டு போதாதா?
— பொறியியல் மாணவி, கிருஷ்ணகிரி

ஒன்று செத்துப்போனால் மாற்று வேண்டும் என்பதற்கு இரண்டு போதும். ஒன்று சாகாமல் தப்பான விடை சொன்னால்? இரண்டும் வேறு வேறு சொல்லும்போது எது சரி என்று தெரியாது. மூன்று இருந்தால் இரண்டு பேர் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். நம்ப முடியாத உறுப்புகளைக் கொண்டு நம்பத்தகுந்த இயந்திரம் கட்டுவது எப்படி என்று கணித மேதை வான் நாய்மன் 1956இல் வெளியான கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டியது இந்த வழியில்தான். இதைவிட மோசமான நிலைமையும் உண்டு. கெட்டுப்போன ஒன்று ஆளுக்கொரு விதமாகப் பேசினால், உங்களிடம் ஒன்றும் என்னிடம் வேறொன்றும் சொன்னால், மூன்று போதாது, நான்கு வேண்டும். 1982இல் கம்ப்யூட்டர் அறிஞர் லாம்போர்ட்டும் மற்ற இருவரும் இதற்கு வைத்த பெயர் 'பைசாண்டியத் தளபதிகள்'. தேர்வில் வரும், படித்து வையுங்கள்.

எண்ணிக்கையில் மயங்கிவிடாதீர்கள். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்தில் 40 விநாடிக்குள் வெடித்தது. திசை சொல்லும் கருவி அதில் இரண்டு. ஒரே கருவி, ஒரே மென்பொருள். பழைய ராக்கெட்டுக்கு எழுதியதை அப்படியே தூக்கி வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்துக்கு ஓர் எண் பெரிதாகிப்போய் ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. மாற்றுக் கருவி முதலில் நின்றது, இமைக்கும் நேரத்தில் அசலும் அதே காரணத்தால் நின்றது.

அமெரிக்க விண்வெளி ஓடத்தில் கம்ப்யூட்டர் ஐந்து. நான்கில் ஒரே மென்பொருள். ஐந்தாவதில் மட்டும் வேறொரு கம்பெனி தனியாக எழுதியது. நான்கும் ஒரே பிழையால் விழுந்தால் அது காப்பாற்ற வேண்டும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1981 ஏப்ரல் 10 அன்று முதல் பயணம் தள்ளிப்போனதே இந்த ஐந்தாவதுக்கும் மற்ற நான்குக்கும் நேரம் ஒத்துப்போகாததால்தான். காப்பாற்ற வைத்தது ஒரு தடவை நிறுத்தியும் வைத்தது. இரண்டு நாள் கழித்துப் போனார்கள், பத்திரமாகத் திரும்பினார்கள்.

போயிங் 737 மேக்ஸ் கதையையும் சேர்த்துப் படியுங்கள். மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று அளக்கும் கருவி விமானத்தில் இரண்டு இருந்தது. மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருளோ ஒரு நேரத்தில் ஒன்றின் பேச்சை மட்டும் கேட்டது. 2018லும் 2019லும் இரண்டு விபத்து, 346 உயிர். இருந்ததைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு கிளார்க் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் ஒரு பேப்பர் நகராது. எந்தக் கடன் யாருக்கு, எந்த பைல் எந்த பீரோ, எல்லாம் அவர் தலையில்தான். மே மாதம் ஓய்வு பெறுகிறார். என்ன செய்யலாம்?
— நிர்வாகக் குழு உறுப்பினர், ஊத்தங்கரை

இப்போது பெருமையாக எழுதியிருக்கும் இதே வாக்கியத்தை ஜூன் மாதம் புலம்பலாகச் சொல்வீர்கள். அவர் தலையில் இருப்பதைப் பேப்பரில் எழுதித் தரச் சொல்லாதீர்கள். எழுதித் தருவார், நாற்பது பக்கம் தருவார், அதில் வேண்டியது இருக்காது. அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. தினமும் செய்கிற ஒன்று தனக்குத் தெரியும் என்பதே ஒருவருக்குத் தெரியாது.

வங்கிகளில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் 10 வேலை நாளுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மோசடி இருந்தால் வெளிவரட்டும் என்பதற்காகத்தான் வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அதன் இன்னொரு பலன். அந்த 10 நாளும் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து வேலையை ஓட்டியாக வேண்டும். உங்கள் கிளார்க்கையும் இந்த மாதமே இரண்டு வாரம் அனுப்புங்கள். திருப்பதி போகட்டும், பேரனோடு இருக்கட்டும். முக்கியமாக, போன் போட்டுக் கேட்கக்கூடாது. எங்கெங்கே வேலை முட்டி நின்றது என்று அடுத்தவர் ஒரு நோட்டில் எழுதட்டும். அவர் திரும்பி வந்ததும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள். நாற்பது பக்கத்தில் வராதது நாலு பக்கத்தில் வந்துவிடும். பிறகு இன்னொரு தடவை அனுப்புங்கள்.

இப்படிச் சொல்வது எக்ஸ்சேஞ்ச் பழக்கம். மத்திய அரசின் தொலைபேசி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் நம் நாட்டிலேயே உருவாக்கிய கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் ஓட ஆரம்பித்தது. ஏசி வேண்டாம், தூசிக்குப் பயப்படாது. பிறகு நம் பக்கத்துக்கும் வந்தது. அதில் முக்கியமான கார்டு ஒவ்வொன்றும் இரண்டிரண்டு. ஒன்று வேலை பார்க்கும், இன்னொன்று கூடவே விழித்திருக்கும். நாங்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, வேண்டுமென்றே மாற்றிவிடுவோம். விழித்திருக்கிறது என்று விளக்கு சொல்வது வேறு, எழுந்து நடக்கிறதா என்று பார்ப்பது வேறு.

இதே பாடத்தை ஓர் அலுவலகத்தில் வேறு விதமாகப் பார்த்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். டீசல் ஜெனரேட்டர் புத்தம் புதிது. டேங்க் நிறைய டீசல், அளவுகோலை விட்டுப் பார்த்து வாரா வாரம் நோட்டில் கையெழுத்து. ஒருநாள் மின்சாரம் போய் மணிக்கணக்காக வரவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜெனரேட்டரைக் கிளப்பும் சின்ன பேட்டரி செத்துப்போய் எத்தனை நாளோ. நோட்டில் டீசலுக்குக் கட்டம் இருந்தது, பேட்டரிக்குக் கட்டம் இல்லை. கடைசியில் வாசலில் நின்ற ஒரு டிராக்டரின் பேட்டரியைக் கழற்றி வந்து கிளப்பினார்கள். டிராக்டர்காரர் டீ மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இன்னொன்று. கிளார்க்குக்குப் பதில் இரண்டு பேரைப் போட்டு, இருவரும் சரிபார்க்க வேண்டும் என்று வைத்துவிடாதீர்கள். கல்யாண வீட்டுச் சாம்பார் மாதிரி ஆகும். அவர் உப்பு போட்டிருப்பார் என்று இவரும், இவர் போட்டிருப்பார் என்று அவரும். ஒருவர் எழுதட்டும், மற்றவர் எழுதியதைப் பார்க்காமல் தனியாகக் கூட்டிப் பார்க்கட்டும். இரண்டு தொகையும் ஒத்துப்போகிறதா என்று மூன்றாவது ஆளாக நீங்கள் பாருங்கள்.

உங்கள் பதிவேடுகள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவில் தேஜான் நகரத்து அரசாங்கத் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்று வெளியே பிரதி வைக்கவில்லை. தீ கிளம்பியது மின்சாரம் போனால் தாங்குவதற்காக வைத்திருந்த யூபிஎஸ் பேட்டரிகளிலிருந்து.

என் மாமியார் பேரன் பரீட்சைக்குப் பெருமாளுக்கு ஒன்று, முருகனுக்கு ஒன்று, முனியப்பனுக்கு ஒன்று, தர்காவில் ஒன்று என்று வேண்டிக்கொள்கிறார். கம்ப்யூட்டருக்கு நாலு பிரதி வைக்கலாம், சாமிக்குமா? இது நம்பிக்கைக் குறைவு இல்லையா அக்கா?
— வாசகி, அரூர்

பேரன் பாஸ் ஆனால் நாலு இடத்துக்கும் போய்ச் செலுத்திவிட்டு வருவாரா, மாட்டாரா? வருவார் என்றால் அது நம்பிக்கைக் குறைவு இல்லை, நாலு பங்கு நம்பிக்கை. நம் பக்கத்தில் முனியப்பனுக்குப் பொங்கல் வைத்த கையோடு தர்காவில் சர்க்கரை வைத்து ஓதி வாங்கி வருவது யாருக்கும் விநோதமாகப் படுவதில்லை. மாமியாரை விட்டுவிடுங்கள்.

ஆனால் கேள்வியில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. சாமிக்கு மாற்று வேண்டாம். சாமியைக் காப்பாற்றி வைக்கும் மனிதர்களுக்கு வேண்டும். அதை நம் பெரியவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். கோயிலில் திருப்பணி நடக்கும்போது பாலாலயம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்து நீருக்கு மந்திரத்தோடு இறக்கி, தனியிடத்தில் ஒரு படத்திலோ மரத்தில் செய்த உருவத்திலோ ஏற்றி, அங்கே ஒரு வேளை விடாமல் பூஜை நடத்துவார்கள். உள்ளே சுண்ணாம்பும் கல்லுமாக வேலை நடக்கும். கும்பாபிஷேகத்தன்று திரும்ப மூலவருக்கே ஏற்றுவார்கள். பன்னிரண்டு வருடத்துக்கொருமுறை கும்பாபிஷேகம் என்பதால் மாற்று ஏற்பாடும் பன்னிரண்டு வருடத்துக்கொருமுறை ஓடிப் பார்த்துவிடும். மேலே நான் சொன்ன ஜெனரேட்டருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பாட்டில் செய்த ஏற்பாடு இன்னும் அழகு. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதி இருக்கிறதே, மனப்பாடத்துக்கு வசதி என்று மட்டும் நினைத்திருந்தேன். நடுவில் ஒரு பாட்டு உதிர்ந்தால் அங்கே சங்கிலி அறுந்து உடனே தெரிந்துவிடும். யாராவது புதிதாக ஒன்றைச் சொருகவும் முடியாது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி அந்தாதி. போதாததற்கு, ஒவ்வொரு பத்தின் கடைசியிலும் இது ஆயிரத்துள் பத்து என்று கணக்கையும் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அந்தக் கணக்குதான் ஒருநாள் உதவியது என்கிறது வைணவ மரபு. பாசுரங்கள் எல்லாம் வழக்கொழிந்து போயிருந்த காலம். காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள், குடந்தைப் பெருமாள்மேல் 'ஆராவமுதே' என்று தொடங்கும் பாசுரங்களைச் சிலர் பாடக் கேட்டார். முடிவில் 'ஓராயிரத்துள் இப்பத்தும்' என்று வந்தது. பத்து இங்கே இருக்கிறது, மீதி எங்கே? அவர்களுக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டு நம்மாழ்வாரின் ஊரான குருகூர் வரை போனார். அங்கே மதுரகவியாழ்வார் நம்மாழ்வார்மேல் பாடிய 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' மட்டும் ஒரு பரம்பரையில் தப்பியிருந்தது. அதை 12,000 முறை ஓதினார், நம்மாழ்வாரே காட்சி தந்து ஆயிரத்தோடு மற்ற ஆழ்வார்கள் பாடலையும் சேர்த்துத் தந்தார் என்பது வரலாறு. காட்சியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். தொலைந்தது எவ்வளவு என்று மிச்சம் இருந்த பத்தே சொன்னது பாருங்கள், நான் அதில்தான் மயங்கி நிற்கிறேன். திரும்ப வந்ததும் நாதமுனிகள் செய்த முதல் காரியம், தன் மருமக்கள் இரண்டு பேருக்கும் அத்தனையையும் இசையோடு சொல்லிக்கொடுத்தது.

தேவாரத்துக்கு நடந்தது வேறு. தில்லையில் ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம். அரசரோ அந்த மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்றாராம். திறந்தால் கரையான் புற்று. கிடைத்ததைத்தான் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். பத்திரம் என்று நினைத்து ஒரே இடத்தில் பூட்டியதால் வந்தது. ஓதுவார் வாயில் இருந்ததைக் கரையான் தின்னாது.

'தகடூர் யாத்திரை' நூல் எங்கே கிடைக்கும்? நம் ஊர் அதியமானைப் பற்றியது என்கிறார்கள்.
— ஆசிரியர், அதியமான்கோட்டை

முழுதாக எங்கேயும் கிடைக்காது. நம் தகடூர்க் கோட்டையின்மேல் சேரன் படையெடுத்த போரைப் பாடிய நூல் அது, சுவடி போய்விட்டது. 'புறத்திரட்டு' என்று பல நூல்களிலிருந்து பாடல்களைப் பொறுக்கிச் சேர்த்த ஒருவர் இதிலிருந்தும் சிலவற்றை எடுத்து வைத்தார். உரை எழுதிய நச்சினார்க்கினியர் போன்றவர்கள் உதாரணத்துக்காகச் சில பாடல்களைக் காட்டினார்கள். இன்று இருப்பது அவ்வளவே. பள்ளிக்கூடத்தில் வைக்க வேண்டும் என்றால் 'புறத்திரட்டு' வாங்குங்கள், அதற்குள் நம் ஊர் இருக்கிறது.

கிருஷ்ணகிரி அணையில் மதகு உடைந்ததே, எட்டு மதகில் ஒன்றுதானே, அதற்கு ஏன் அவ்வளவு பதற்றம்? இப்போது பயமில்லையா?
— விவசாயி, காவேரிப்பட்டணம்

2017 நவம்பர் 29 அன்று முதல் மதகின் ஷட்டர் உடைந்தது. உங்கள் ஊர் வழியாகத்தானே ஆறு போகிறது, என்னைவிட நன்றாக நினைவிருக்கும். அணை நீரைத் திறந்துவிட்டு மட்டத்தைக் குறைத்தார்கள். எட்டில் ஒன்று என்று ஆறுதல் கொள்ள முடியாததற்கு இரண்டு காரணம். பாசனத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வைப்பதில் ஒரு மதகு இன்னொன்றுக்கு மாற்று ஆகாது. ஏழு மூடியிருந்து ஒன்று திறந்து கிடந்தாலும் அந்த மதகின் மட்டத்துக்குமேல் தண்ணீர் நிற்காது. அடுத்து, எட்டும் 1950களில் கட்டிய அணையின் ஷட்டர்கள். ஒன்று துருப்பிடித்த தண்ணீரில்தான் மற்ற ஏழும் நின்றன. அதனால்தான் உடைந்ததைப் புதிதாகப் போட்டதோடு நிறுத்தாமல் பிறகு மற்ற ஏழையும் மாற்றினார்கள். அது சரியான வேலை.

கர்நாடகத்தில் துங்கபத்ரா அணைக்கு 33 மதகு. 2024 ஆகஸ்ட் 10 இரவு 19ஆம் மதகின் சங்கிலி அறுந்து ஷட்டரே அடித்துக்கொண்டு போய்விட்டது. அணை நிறைந்திருந்த நேரம். மதகுக்கு முன்னால் அவசரத்துக்கு இறக்கி அடைக்கும் ஸ்டாப் லாக் ஏற்பாடு அங்கே இல்லை. அளவெடுத்து, வெளியே இரும்பில் செய்து, ஓடுகிற தண்ணீரிலேயே துண்டு துண்டாக இறக்கி ஒரு வாரத்தில் அடைத்தார்கள். அதற்குள் எவ்வளவோ தண்ணீர் ஆற்றோடு போய்விட்டது.

எனவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, நீர்வளத் துறைக்கு அனுப்புங்கள். நம் அணைக்கு ஸ்டாப் லாக் இருக்கிறதா, எங்கே வைத்திருக்கிறார்கள், அதை இறக்கும் கிரேன் எங்கிருந்து வரவேண்டும், கடைசியாக எப்போது இறக்கிப் பார்த்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் ஒரு ஜெராக்ஸ் எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.